ரொட்டி ஓரத்தில் கற்ற பாடம்



ஓதிக் கொடுப்பதையே வாழ்க்கைப் பணியாகக் கொண்ட ஒருவன் சமையலைப் பற்றி எழுத முன்வந்தால் உங்கள் இதழ்களில் புன்னகை அரும்பக்கூடும். "ஒழுங்காக உலை வைக்கத் தெரியாது, ரொட்டியில் பூரணம் செய்வதைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டீர்களே!" என்று சிரித்தபடியேதான் என் இல்லத்தரசி எனக்கு எழுதும் தாள்களை எடுத்துத் தந்தாள். அவள் சொன்னது உண்மை. ஆயினும் என் ஆசிரியப் பணியில் நான் கற்ற மிகப் பெரிய பாடம் ஒரு பிஸ்கட் தகர டப்பாவிலிருந்த காய்ந்த ரொட்டித் துண்டுகளில் கிடைத்தது. ஆகவே அடுக்களையைத் தவிர்த்துவிட்டு அந்தப் பாடத்தைச் சொல்ல எனக்கு வழியில்லை.

செய்தியைச் சற்று முன்பிருந்தே தொடங்குகிறேன்.

மதரஸாவில் ஓதி முடித்த பின்னர், கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்று பட்டம் பெற்றவன் நான். சார்லஸ் டிக்கன்ஸ் 1843-இல் எழுதிய 'எ கிறிஸ்துமஸ் கேரல்' என்னும் சிறு நூலை அந்நாளில் படித்தேன். அதில் பாப் கிராட்சிட் என்றொரு ஏழை எழுத்தர் வருகிறார். பெரிய குடும்பம், சிறிய சம்பளம். பண்டிகை நாளில் அவர்களுக்கு ஒரேயொரு வாத்து. அதையும் ரொட்டிக் கடைக்காரரின் அடுப்பில் கொடுத்து வாட்டி வாங்கி வருகிறார்கள். வெங்காயமும் 'சேஜ்' என்னும் வாசனை இலையும் சேர்ந்த பூரணம் அந்த வாத்தின் வயிற்றில் நிறைந்திருக்கிறது. பூரணமும் கிழங்கு மசியலும் துணைசெய்ய, அந்த ஒற்றை வாத்து அத்தனை பேருக்கும் போதுமானதாகி விடுகிறது.

"ஐயா, அந்தப் பூரணத்தில் என்ன இருக்கும்?" என்று பேராசிரியரிடம் கேட்டேன். "பெரும்பாலும் பழைய ரொட்டிதான்" என்றார். வகுப்பே சிரித்தது. பண்டிகை நாளில் பழைய ரொட்டியா என்று நானும் சிரித்தேன். வறியவர் வீட்டு அறிவு அதில் அடங்கியிருந்தது என்பது அன்று எனக்குப் புரியவில்லை. புரிவதற்குப் பல ஆண்டுகள் ஆயின.

இனி மதரஸாவுக்கு வருவோம்.

நான் பணியாற்றிய மதரஸாவில் ஏறத்தாழ அறுபது பிள்ளைகள் தங்கி ஓதினார்கள். ஊரில் ரொட்டிக் கடை வைத்திருந்த நல்ல உள்ளம் படைத்த ஒருவர், வாரம் இரு முறை இருபத்து நான்கு ரொட்டிகளை இலவசமாக அனுப்புவார். பிள்ளைகளுக்கு அன்று காலைப் பசியாற ரொட்டியும் ஜாமும் தேநீரும். பிள்ளைகள் நடுவிலுள்ள வெண்மையான பகுதியைத் தின்பார்கள். பழுப்பான ஓரத்தைக் கிழித்துத் தட்டின் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். இரு முனைத் துண்டுகளைத் தொடவும் மாட்டார்கள். பசியாறி முடிந்ததும் எங்கள் பண்டாரி அவற்றையெல்லாம் ஒரு வாளியில் வாரிக் கொண்டுபோய்க் கொட்டுவார்.

இதைக் கண்டு நான் சும்மா இருக்கவில்லை. சொற்பொழிவு செய்தேன்! உணவு உண்பதைப் பேசும் இடத்திலேயே வீண்விரயத்தைத் தடுக்கும் அல்அஃராஃப் அத்தியாயத்தின் 31-ஆம் வசனத்தை விளக்கினேன். கீழே விழுந்த கவளத்தையும் தூசு நீக்கி உண்ணுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததை எடுத்துரைத்தேன். பிள்ளைகள் தலைகுனிந்து கேட்டார்கள். அடுத்த முறை ரொட்டி வந்தபோது வாளி முன்போலவே நிறைந்தது. நானும் முன்போலவே சொற்பொழிவு செய்தேன். ஆண்டுக்கணக்கில் இது நடந்தது. அந்த வாளியை ஒரு முறையேனும் நான் என் கையால் தூக்கியதில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

எட்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு புதன்கிழமை. பாடம் நடந்துகொண்டிருந்தபோது மாணவன் ஒருவன் எழுந்து, "ஹஸ்ரத், புதிதாக வந்தவன் ரொட்டியை எடுத்துப் பெட்டியில் ஒளித்து வைக்கிறான்" என்றான். அந்தச் சிறுவனுக்கு அப்போது பதினொரு வயது. சேர்ந்து மூன்று மாதங்கள்கூட ஆகவில்லை. அவனுடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை.

பெட்டியைக் கொண்டுவரச் சொன்னேன். உள்ளே ஒரு பிஸ்கட் டப்பா. அதைத் திறந்து எல்லோருக்கும் தெரியும்படி மேசைமேல் கவிழ்த்தேன். ரொட்டி ஓரங்கள் கலகலவென்று விழுந்தன. ஒரு கிலோ இருக்கும். மொட்டை மாடியில் துண்டு விரித்து வெயிலில் காயவைத்திருக்கிறான். ஒன்றில்கூடப் பூஞ்சை இல்லை. தேநீரில் நனைந்த துண்டு ஒன்றுமில்லை. அத்தனை ஒழுங்காகச் சேர்த்தவனிடம் காரணம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

"மதரஸாவின் பொருள் அமானிதம். கேட்காமல் எடுப்பதற்கு என்ன பெயர் தெரியுமா?" என்றேன். அவன் வாய் திறக்கவில்லை. "சொல், என்ன பெயர்?" என்று மீண்டும் அதட்டினேன். "களவு, ஹஸ்ரத்" என்றான். அறுபது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் வாயாலேயே அச்சொல்லைச் சொல்லவைத்ததை அன்று நான் பெரிய கெட்டிக்காரத்தனமாக நினைத்தேன். டப்பாவை என் அறையில் வைத்துப் பூட்டினேன்.

அஸர் தொழுகைக்குப் பின்னர் எங்கள் பெரிய ஹஸ்ரத்திடம் நடந்ததைச் சொன்னேன். முதுமையில் தளர்ந்திருந்த அப்பெரியவர் தஸ்பீஹை மடியில் வைத்துவிட்டு, "குப்பைக்குப் போவதை அவன் எடுத்திருக்கிறான். அதைக் குப்பைக்கு அனுப்பியது யார்?" என்று கேட்டார். நான் மறுமொழி சொல்லவில்லை. அவரும் அதற்காகக் காத்திராமல் மீண்டும் தஸ்பீஹை எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பெற்றோர் பிள்ளைகளைப் பார்க்க வருவது வழக்கம். அச்சிறுவனின் தாய் எவர்சில்வர் தூக்குச் சட்டியுடன் வந்திருந்தார். நடந்ததை மகன் வழியாக அறிந்திருக்கிறார். என் அறை வாசலில் தயங்கி நின்று, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பேசினார்.

"ஹஸ்ரத், தப்பு என் மேலதான். புள்ளை மேல இல்லை. போன தடவை வந்தப்ப, ரொட்டி ஓரத்தையெல்லாம் இங்கே கொட்டுறாங்கன்னு சொன்னான். 'கொட்டாம இருந்தா நமக்கு ஆகுமே வாப்பா'ன்னு வாய்தவறிச் சொல்லிட்டேன். அதை மனசுல வெச்சுக்கிட்டான்."

மெல்ல மெல்ல விவரம் தெரிந்தது. மலேசியா சென்ற கணவரிடமிருந்து பணம் வருவது நின்று இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. சமோசாவும் கட்லெட்டும் செய்து தேநீர்க் கடைகளுக்குக் கொடுத்துத்தான் அவர் மூன்று பிள்ளைகளைக் காப்பாற்றி வந்தார். ரொட்டிக் கடையில் ஓரங்களை மலிவாக விலைக்கு வாங்குவாராம். காய்ந்த ஓரத்தை இடித்தால் கட்லெட்டின் மேலே புரட்டத் தூள். இடிக்காமல் பிய்த்தால் பூரணம். பூரணத்தில் ரொட்டி சேர்ந்தால் பாதியளவு கறி போதும். "கறி விக்கிற விலையில வேற என்ன செய்யுறது ஹஸ்ரத்?" என்றார்.

பிறகு அந்தத் தூக்குச் சட்டியைத் திறந்து, "உங்களுக்குன்னுதான் கொண்டாந்தேன்" என்று என் முன் வைத்தார். உள்ளே பழுப்பும் பச்சையுமாக ஓர் உணவு. மேற்புறம் முறுகியிருந்தது, உள்ளே இலவம் பஞ்சுபோல் மென்மை. வெங்காயம், புதினா, மிளகு, கோழிச் சாற்றின் மணம். ஒரு வாய் உண்டேன். கல்லூரி வகுப்பறையில் நான் கேட்டுச் சிரித்த பூரணம், பெயர் தெரியாமலேயே, எங்கள் ஊர் மணத்தோடு என் முன்னால் இருந்தது. என்னால் அடுத்த வாய் எடுக்க இயலவில்லை. அவமானப்பட்ட பிள்ளையின் தாய் எனக்கு உணவு கொண்டுவந்திருந்தார்.

வாசகர்களே, அந்தத் தாய் சொல்லித் தந்த முறையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

காய்ந்த ரொட்டி ஓரம் 250 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். நடுப்பகுதி கலந்திருந்தாலும் குற்றமில்லை. இனிப்பு ரொட்டியும் பன்னும் மட்டும் ஆகாது. கட்டைவிரல் நகம் அளவுக்குப் பிய்த்து, வெறும் சட்டியில் இளந்தீயில் மொறுமொறுப்பாக வறுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மேசைக்கரண்டி எண்ணெய் அல்லது நெய்யில் ஒரு தேக்கரண்டி சோம்பு பொரிந்ததும், பொடியாக நறுக்கிய பெரிய வெங்காயம் மூன்று, பச்சை மிளகாய் நான்கு, இஞ்சி பூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி ஆகியவற்றைச் சேர்த்து வதக்க வேண்டும். வீட்டில் ரம்பை இலை இருந்தால் ஒரு துண்டு போடலாம். வெங்காயம் நன்கு சிவக்கும்வரை பொறுமை வேண்டும். சுவையில் பாதி அங்கேதான். பிறகு ஒரு கைப்பிடி புதினா, ஒரு கைப்பிடி மல்லித்தழை, இடித்த மிளகு ஒரு தேக்கரண்டி, உப்பு. கொத்திய கறியோ கோழி ஈரலோ கொஞ்சம் இருந்தால் அதையும் வேகவைத்துச் சேர்க்கலாம், இல்லாவிட்டாலும் குறையில்லை.

அடுப்பை அணைத்துவிட்டு ரொட்டியைப் போட்டுக் கிளறுங்கள். எலும்போ கோழியோ வேகவைத்த சாறு 350 மில்லி அளவு எடுத்து, சூடாக, சிறிது சிறிதாகத் தெளியுங்கள். மொத்தமாக ஊற்றினால் களியாகிவிடும். புட்டுமாவுக்குச் சொல்லும் பக்குவமே இதற்கும்: பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். ஆறியபின் இரண்டு முட்டைகளை அடித்து ஊற்றிக் கலந்தால் பூரணம் ஆயத்தம். நெய் தடவிய சட்டியில் பரப்பி மூடி, கீழே தோசைக்கல் வைத்துச் சிறு தீயில் இருபத்தைந்து நிமிடம் வைத்தால் அடி முறுகி, மேலே வெந்து, துண்டு போடும் பதத்தில் வரும். ரொட்டி கறி ஆணத்துக்கு நல்ல துணை. சமோசாவினுள் வைப்பதாயின் முட்டையை விட்டுவிடலாம்.

முழுக்கோழியின் வயிற்றில் நிரப்புவதும் உண்டு. அப்படிச் செய்வோர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். பூரணம் சாற்றை இழுத்து உப்பும். ஆகவே இறுக்கி அடைக்கக் கூடாது. அடுப்பேற்றுவதற்குச் சற்று முன்புதான் நிரப்ப வேண்டும். நிரப்பி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகக் கூடாது. பச்சைக் கோழியின் நீர் பூரணத்தில் இறங்குவதால், பூரணத்தின் நடுப்பகுதியும் 74 பாகை செல்சியசு வெப்பத்தை எட்ட வேண்டும். வெப்பமானி இல்லாத வீட்டில் தனியே வேகவைத்துக் கோழியோடு பரிமாறுவதே நலம். இன்னொன்று: ரொட்டியில் ஓர் இடத்தில் பூஞ்சை கண்டாலும் அந்த ரொட்டி முழுவதையும் எறிந்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத அதன் இழைகள் மென்மையான ரொட்டிக்குள் வெகுதூரம் ஓடியிருக்கும். விரயத்துக்கு அஞ்சி நோயை வாங்குவது அறிவுடைமை ஆகாது.

'புதிய ரொட்டியில் செய்தால் இன்னும் நன்றாக இருக்குமே' என்று நீங்கள் எண்ணலாம். நானும் எண்ணினேன், செய்தும் பார்த்தேன், பசைதான் மிஞ்சியது. ரொட்டி பழசாவது வெறுமனே நீர் வற்றுவதால் என்றுதான் பலரும் நினைக்கிறோம். பிரெஞ்சு வேதியியலார் பூசாங்கோ, நீர் வெளியேறாதபடி அடைத்து வைத்தாலும் ரொட்டி பழசாகிவிடுகிறது என்பதை 1852-இலேயே காட்டினார். ரொட்டியிலுள்ள மாவுச்சத்து ஆறியபின் மெல்ல மெல்ல மீண்டும் அடுக்காக இறுகுகிறது. குளிர்பதனப் பெட்டியில் இது இன்னும் விரைவாக நிகழும். சூடு காட்டினால் அந்த இறுக்கம் தளரும். இறுகிக் காய்ந்த துண்டு சாற்றை உறிஞ்சிக்கொண்டும் தன் வடிவத்தை இழக்காமல் நிற்கும். ஆகவே இந்த உணவுக்குப் பழைய ரொட்டிதான் முதல்தரமான பண்டம்.

உலகெங்கும் மக்கள் இதை அறிந்தே வைத்திருக்கிறார்கள். ரொட்டியைப் பிய்த்துக் கறிச்சாற்றில் ஊறவைக்கும் ஸரீத், நபி (ஸல்) அவர்கள் விரும்பிய உணவு என்பதை ஹதீஸ் கிதாபுகளில் நாம் ஓதுகிறோம். சிரியாவிலும் லெபனானிலும் காய்ந்த ரொட்டியை மொறுமொறுப்பாக்கிக் காய்கறியோடு கலந்து ஃபத்தூஷ் செய்கிறார்கள். எகிப்தியர் ஹஜ்ஜுப் பெருநாளில் ரொட்டியும் சோறும் கறிச்சாறும் சேர்த்து ஃபத்தா உண்கிறார்கள். ஐதராபாத்தில் ரொட்டித் துண்டுகளைப் பொரித்துப் பாகில் ஊறவைத்தது டபுள் கா மீட்டா ஆயிற்று. ஸரீதைப் பற்றிய நபிமொழியை ஆண்டுதோறும் பாடம் நடத்திய எனக்கு, பக்கத்து அறையில் நிறைந்த வாளியோடு அதைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றவே இல்லை!

மீண்டும் அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். டப்பாவை எடுத்து அந்தத் தாயிடம் கொடுத்து, "என்னை மன்னித்துக்கொள்ளுங்கள் தாயே" என்றேன். "ஐயோ, என்ன ஹஸ்ரத் நீங்க போய்..." என்று பதறினார். அவர் சென்ற பின்னர், சிறுவனைத் தனியே அழைத்து இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். இரவு படுத்தபோது உறக்கம் வரவில்லை. அறுபது பேர் முன்னிலையில் வைத்த பெயரை, யாரும் காணாத மூலையில் நின்று எடுத்துவிட முடியுமா? கண்டிப்புக்குச் சபை, மன்னிப்புக்குத் தனியறை என்பது என்ன நீதி? ஆசிரியனின் மதிப்பு குறைந்துவிடும் என்ற அச்சம்தான் என்னைத் தனியறைக்கு இழுத்தது. அதே மதிப்பு அந்தப் பிள்ளைக்கும் இருந்ததே!

மறுநாள் அதே வகுப்பில், அதே மேசைக்கு முன்னால் நின்று சொன்னேன்: "அன்று இவனை நான் களவு என்று சொல்லவைத்தேன். அது தவறு. இவன் எடுத்தது நாம் எறிந்ததை. விரயம் செய்தவர்கள் நாம். காப்பாற்ற நினைத்தவன் இவன். உங்கள் எல்லோர் முன்னிலையிலும் இவனிடம் மன்னிப்புக் கேட்கிறேன்." பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் மட்டும் தரையைப் பார்த்தபடி நின்றான். ஒன்றும் சொல்லவில்லை. மன்னித்தானா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்பதற்கும் எனக்கு உரிமையில்லை.

அன்று முதல், பசியாறத் தொடங்குமுன் ஒரு சுத்தமான தாம்பாளம் பிள்ளைகளிடையே சுற்றி வரலாயிற்று. ஓரம் வேண்டாதவர்கள் வாய் வைப்பதற்கு முன்பே கிழித்து அதில் வைத்துவிட வேண்டும். மாடியில் துணி விரித்துக் காயவைக்கும் பொறுப்பைப் பெரிய பிள்ளைகள் ஏற்றார்கள். இரண்டு வாரங்களில் இரண்டரைக் கிலோ சேர்ந்தது. ஒரு வியாழன் மாலை பண்டாரியின் மேற்பார்வையில் பெரிய தேக்சாவை அடுப்பேற்றினோம். நான் வெங்காயம் உரித்தேன். மூன்றரை லிட்டர் சாறு, இருபது முட்டை. மூடியின்மேல் கங்கு அள்ளிப் போட்டுப் பிரியாணிக்குப் போல் தம் வைத்தார் பண்டாரி. முக்கால் மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தபோது எழுந்த மணத்துக்குப் பிள்ளைகள் போட்ட கூச்சலைப் பெரிய ஹஸ்ரத்தும் தடுக்கவில்லை.

முதல் கரண்டியை அச்சிறுவனின் தட்டில் வைத்து, "எப்படி இருக்கிறது, சொல்" என்றேன். மென்று பார்த்தான். சற்று யோசித்தான். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து, "உம்மா இன்னும் கொஞ்சம் மிளகு போடுவாங்க, ஹஸ்ரத்" என்றான்.

பல நாள்களுக்குப் பின் அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. என் சமையலில் குறை கண்டதற்காக நான் இறைவனுக்கு நன்றி செலுத்தியது அந்த ஒரு முறைதான். எஞ்சிய ஓரங்களை மாதந்தோறும் அந்தத் தாய்க்கு அனுப்புவதென்று பெரிய ஹஸ்ரத்தின் ஒப்புதலுடன் ஏற்பாடாயிற்று. அவர் அதை இலவசமாக வாங்க இசையவில்லை. பதிலுக்கு மாதம் ஒரு முறை பிள்ளைகளுக்குக் கட்லெட் அனுப்பினார். அச்சிறுவன் இன்று கல்லூரியில் வணிகவியல் படிக்கிறான்.

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் உலகில் வீணான உணவு 105 கோடி டன். அதில் 60 விழுக்காடு வீடுகளில் வீணானது. பெரிய விருந்துகளையும் விடுதிகளையும் குறை சொல்லும் நாம், நம் வீட்டு வாளியையும் ஒரு முறை எட்டிப் பார்க்க வேண்டாமா?

வாசகப் பெருமக்களே! விரயத்தைப் பற்றிப் பேசுவது எளிது. பல ஆண்டுகள் பேசியவன் சொல்கிறேன். உங்கள் வீட்டில் நாளை ரொட்டி மிஞ்சினால் பேசாமல் சட்டியை அடுப்பில் வையுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். மிளகு மட்டும் சற்றுக் கூடுதலாகவே போடுங்கள்.